கொழுப்புக்கட்டியும் இரண்டு பத்து ரூபாய் நாணயங்களும்

முதுகில் இருக்கிற கட்டி அதைச் சுமப்பவருக்குத்தான் கடைசியில் தெரியவரும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது மனைவியின் கையில் தட்டுப்படும். இல்லாவிட்டால், சலூனில் பிடரியை வழிக்கும்போது முடிதிருத்துகிறவர் கேட்பார்: "என்னண்ணே, இங்கன ஒரு உருண்டை இருக்கு?" பதில் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். "அது கொழுப்புக்கட்டி தம்பி. ரொம்ப வருசமா இருக்கு. அதுபாட்டுக்குக் கெடக்கு."

பெரும்பாலான நேரம் இந்தப் பதில் சரிதான். மென்திசுக்களில் வரும் கட்டிகளில் கேடில்லாதவை நூறு என்றால், புற்று ஒன்று இருந்தாலே அதிகம். அந்த அரிதான ஒன்றை நேரத்தோடு அடையாளம் காண, வீட்டில் இருந்தபடியே என்ன செய்யலாம், எப்போது பஸ் ஏற வேண்டும் என்பதே இந்த அத்தியாயம்.

தேனி மாவட்டத்தில் சின்னமனூரை அடுத்த மார்க்கையன்கோட்டையில் தோளும் முதுகும் ஓய்வறியாதவை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. வாழைத்தார் தோளில் ஏறுகிறது, உரமூட்டை முதுகில் ஏறுகிறது, ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறுகிறவர்கள் சாக்கோடு நடக்கிறார்கள். அதனால் தோளில் ஓர் உருண்டை தென்பட்டால், "சுமை தூக்கித் தூக்கி வந்தது" என்று அன்றைக்கே காரணம் சொல்லிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். பலமாக அடிபட்ட இடத்தில் பின்னாளில் கொழுப்புக்கட்டி வந்ததாகச் சில பதிவுகள் உண்டு. ஆனால் சுமையே தூக்காதவர்களுக்கும் இது தாராளமாக வருகிறது. காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டிருப்பதால் யாரும் கட்டியைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

கொழுப்புக்கட்டி என்பது முதிர்ந்த கொழுப்பு அணுக்கள் ஒரு மெல்லிய உறைக்குள் சேர்ந்து உருண்டு நிற்பது. மருத்துவர் சீட்டில் 'லைப்போமா' என்று எழுதுவார். நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இருக்கும். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில் அதிகம். கழுத்து, தோள், முதுகு, மேற்கை, தொடை ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். சில குடும்பங்களில் அப்பாவுக்கும் மகனுக்குமாக உடல் முழுக்கச் சிறு சிறு உருண்டைகளாக வரும். எடுத்துச் சோதித்த கட்டிகள் பலவற்றில் பன்னிரண்டாம் குரோமோசோமில் உள்ள எச்.எம்.ஜி.ஏ.2 என்ற மரபணு இடம் மாறியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சாப்பிடுகிற எண்ணெய்க்கும் கறிக்கும் இதில் பங்கிருப்பதாகத் தெரியவில்லை.

சுஸ்ருத சம்ஹிதை கொழுப்பால் வரும் கட்டியை அந்தக் காலத்திலேயே தனி வகையாகப் பிரித்து, வலி குறைவானது என்று குறித்திருக்கிறது. உடல் மெலிந்தால் அதுவும் மெலியும் என்றும் அது சொல்கிறது. இதை மட்டும் இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. பட்டினி கிடந்து பத்துக் கிலோ குறைத்தவருக்கும் கட்டி அப்படியே இருக்கும். சுற்றிலும் சதை வற்றிவிடுவதால் முன்னைவிடத் துருத்திக்கொண்டு தெரியும். எனவே மெலிந்த பிறகு கட்டி எடுப்பாகத் தெரிந்தால், அளந்து பார்க்காமல் "வளர்ந்துவிட்டது" என்று பயப்பட வேண்டியதில்லை.

விரல் சொல்வது

கட்டியைத் தொட்டுப் பார்ப்பதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் ஆள்காட்டி விரலால் மெதுவாக அழுத்த வேண்டும். கொழுப்புக்கட்டி பிசைந்த மாவு போல மெத்தென்று இருக்கும். ஓரத்தில் அழுத்தினால் விரலுக்குப் பிடிகொடுக்காமல் வழுக்கி நழுவும். மேலே இருக்கும் தோலைக் கிள்ளினால் தோல் தனியாக வரும். நிறம் மாறியிருக்காது, சூடு இருக்காது, வலிக்காது.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. கட்டி இருக்கிற இடத்துத் தசையை இறுக்க வேண்டும். மேற்கையில் இருந்தால் முழங்கையை மடக்கி முறுக்க வேண்டும். தொடையில் இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டித் தூக்க வேண்டும். அப்போதும் கட்டி முன்போலவே எடுப்பாகத் தெரிந்து, தாராளமாக நகர்ந்தால் அது தசைக்கு மேலே, தோலுக்கு அடியில் இருக்கிறது. தசை இறுகியதும் கட்டி உள்ளே போய் மங்கினாலோ, நகர மறுத்து ஒட்டிக்கொண்டாலோ அது தசைக்குள்ளோ தசைக்கு அடியிலோ இருக்கிறது. ஆழத்தில் இருக்கும் கட்டி சிறியதாக இருந்தாலும் மருத்துவர் பார்க்க வேண்டியது.

தோலுக்கடியில் உருண்டு நிற்பதெல்லாம் கொழுப்பு ஆகிவிடாது. அதிகம் குழப்புவது தோல்நீர்க்கட்டி. கூர்ந்து பார்த்தால் அதன் நடுவில் ஊசிமுனை அளவுக்குக் கரும்புள்ளி இருக்கும். அந்த இடத்தில் தோல் கட்டியோடு ஒட்டியிருக்கும், கிள்ளினால் தனியாக வராது. பிதுக்கினால் நாற்றமுள்ள வெண்ணிற மசி வரும். பிதுக்கவே கூடாது, சீழ் பிடித்துவிடும். 1821-இல் இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜின் தலையில் இருந்தது இந்த வகைதான். அன்றைய லண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பரே காயம் கெட்டுவிடுமோ என்று நடுங்கிக்கொண்டுதான் அதை எடுத்தார். கிருமிநாசினியும் மயக்க மருந்தும் இல்லாத காலம். மன்னர் பிழைத்தார், மருத்துவருக்குப் பட்டம் கிடைத்தது. இன்று அதே வேலை அரை மணி நேரத்தில் முடிகிறது.

மணிக்கட்டில் கெட்டியாக இருப்பது மூட்டை ஒட்டி வரும் நீர்க்கட்டியாக இருக்கலாம். அரைமடிப்பில் இருமினால் புடைத்து, படுத்தால் உள்ளே போவது குடலிறக்கம். விரல் வைத்தால் நாடி போலத் துடிக்கிற கட்டியை மேற்கொண்டு அமுக்கிப் பார்க்கவே கூடாது. அது ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

மாற்றம் என்றால் எது?

மருத்துவர்கள் கேட்கிற கேள்விகள் அதிகமில்லை. 5 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டதா? வளர்கிறதா? ஆழத்தில் இருக்கிறதா? வலிக்கிறதா? ஏற்கெனவே எடுத்த இடத்தில் திரும்ப வந்திருக்கிறதா? பிரிட்டன் உட்படப் பல நாடுகளின் வழிகாட்டுதல்கள் நெடுங்காலமாக இந்தக் கேள்விகளைச் சுற்றித்தான் நிற்கின்றன. ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் ஸ்கேன் பார்ப்பது நல்லது. இரண்டு மூன்று 'ஆம்' சேர்ந்தால் அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.

5 சென்டிமீட்டரைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். சட்டைப் பையில் ஒரு வழி இருக்கிறது. பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர். இரண்டு நாணயங்களை ஒட்டினாற்போலக் கட்டியின் மேல் வைத்தால் 5.4 சென்டிமீட்டர். கட்டியின் ஓரம் இரண்டு நாணயங்களுக்கும் வெளியே தெரிந்தால் அது அளவைத் தாண்டிவிட்டது.

வளர்ச்சியை நினைவை வைத்துச் சொல்ல முடியாது. தினமும் தொட்டுப் பார்க்கிறவருக்கு அது எப்போதும் அதே அளவில்தான் தெரியும், வருடத்துக்கு ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு வரும் தங்கைதான் "என்னண்ணே, இவ்வளவு பெருசா ஆயிருச்சு?" என்று கேட்பாள். எனவே எழுதி வைக்க வேண்டும். தையல்காரரின் டேப் போதும். கட்டியின் இரண்டு ஓரங்களையும் விரலால் உணர்ந்து பேனாவால் புள்ளி வைத்து, நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று என அளக்க வேண்டும். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து, அதே வெளிச்சத்தில் செல்போனில் ஒரு படம். தேதி, இடம், இரண்டு அளவுகள், வலி உண்டா இல்லையா என்று பால் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே ஒரு வரி. முதல் அளவுக்கு ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று என்றால் சரியாக இருக்கும். அளப்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும். கை மாறினால் அரை சென்டிமீட்டர் கூடும், குறையும். தினமும் அமுக்கிக்கொண்டே இருந்தால் இடம் கன்றி, இல்லாத வலியும் வந்து சேரும்.

சாதாரணக் கொழுப்புக்கட்டியும் வளரத்தான் செய்யும், ஆனால் ஆண்டுக்கணக்கில் மெல்ல. சும்மா விட்டால் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு மருத்துவ இதழ்கள் 1894-இல் பிராண்ட்லர் பதிவுசெய்த கட்டியைக் காட்டுவதுண்டு: தோள்பட்டைப் பகுதியில் 22.7 கிலோ. பல வருடம் அசையாமல் கிடந்தது சில மாதங்களில் கண்ணுக்குத் தெரிய வளர்ந்தால், அதுதான் கவலைக்குரிய வளர்ச்சி.

வலியைப் பற்றித்தான் ஊரில் பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. "வலிச்சாத்தானே டாக்டர்கிட்ட போகணும்" என்கிறார்கள். கொழுப்புத் திசுவில் வரும் புற்றான லைப்போசார்க்கோமா ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. பக்கத்து நரம்பை அழுத்துகிற அளவு வளர்ந்த பிறகே வலி தெரியும். இதற்கு நேர்மாறாக, இளவயதினருக்கு முன்கையில் வரும் சிறு ரத்தக்குழாய்க் கொழுப்புக்கட்டிகள் தொட்டாலே வலிக்கும், அவை கேடற்றவை. வலி இருந்தால் காட்ட வேண்டும். வலி இல்லை என்பதை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

1965-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ரிச்சர்ட் ஃபைன்மனுக்கு வந்தது இந்த லைப்போசார்க்கோமாதான். அது வயிற்றின் ஆழத்தில் வளர்ந்தது. 1978-இல் எடுத்தபோது அது மிகப் பெரிதாகியிருந்தது. திரும்பத் திரும்ப வந்து, மேலும் அறுவை சிகிச்சைகள் நடந்து, 1988 பிப்ரவரியில் அவர் இறந்தார். வயிற்றின் ஆழத்தில் இருப்பதை ஆரம்பத்தில் யாரும் விரலால் கண்டுபிடிக்க முடியாது. தொடையிலும் தோளிலும் வருகிறதைக் கண்டுபிடிக்கலாம். இந்தப் புற்று அதிகம் வரும் இடங்களில் ஒன்று தொடை. வயது பெரும்பாலும் நாற்பதுக்கு மேல். லைப்போசார்க்கோமா உள்ளிட்ட சார்க்கோமா வகைகள் எல்லாம் சேர்ந்தே பெரியவர்களின் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்றுதான்.

"இருக்கிற கொழுப்புக்கட்டி புற்றாக மாறுமா?" என்று கேட்காதவர் இல்லை. அப்படி மாறுவது மிக மிக அரிது. புற்றாக இருப்பது பெரும்பாலும் ஆரம்பத்திலிருந்தே வேறு வகையாக இருந்திருக்கும். அதில் ஒரு வகை பல ஆண்டுகள் மெதுவாகவே வளரும். தொடுவதற்கும் கொழுப்புக்கட்டி போலவே இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தும் சந்தேகம் தீராதபோது எம்.டி.எம்.2 என்ற மரபணுவைச் சோதித்துப் பிரிக்கிறார்கள். ஆகவே "பத்து வருசமா இருக்கு" என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. அந்தப் பத்து வருடத்தில் அளவு என்ன ஆனது என்று கேட்க வேண்டும்.

அளந்து காத்திருக்கக் கூடாத இடங்கள்

மார்பில் தட்டுப்படுகிற கட்டியை, பெண்ணானாலும் ஆணானாலும், வீட்டில் யாரும் கொழுப்பு என்று முடிவு செய்யக் கூடாது. அந்த வாரமே காட்ட வேண்டும்.

கழுத்தில் வருவது நிணநீர்க் கணுவாக இருக்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் பெரிதாகி, மாலையில் காய்ச்சலும் எடை குறைவும் சேர்ந்தால் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். பழையவர்கள் கண்டமாலை என்று சொன்னதில் பெரும்பகுதி இதுதான். அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். வழக்கமாக ஆறு மாதச் சிகிச்சை. கழுத்தைச் சுற்றி இருபுறமும் ஒரே மாதிரி கொழுப்பு திரண்டு வருவது வேறொரு நோய். நீண்ட காலம் மது குடிக்கும் ஆண்களிடம் அதிகம் காணப்படும் அதற்கு, ஜெர்மானிய மருத்துவர் மாடெலுங்கின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

கைக்குழந்தையின் பிட்டத்துக்கு மேலே, முதுகெலும்பின் நடுக்கோட்டில் மெத்தென்ற கட்டியோ, முடிக்கற்றையோ, குழியோ இருந்தால் அது உள்ளே தண்டுவடத்தோடு இணைந்திருக்கக்கூடும். குளிப்பாட்டுகிற பாட்டிதான் இதை முதலில் பார்ப்பார். எம்.ஆர்.ஐ. எடுக்காமல் அதில் யாரும் கத்தி வைக்கக் கூடாது. கால் வளர்ச்சியும் சிறுநீர்க் கட்டுப்பாடும் அதைப் பொறுத்தவை.

இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் வயிற்றையும் தொடையையும் தடவிப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி குத்தினால் அங்கே கொழுப்பு தடித்து மேடாகிவிடும். மரத்துப்போன இடம் என்பதால் வலிப்பதில்லை. அதனாலேயே பலர் அதே இடத்தைத் தேடிக் குத்துகிறார்கள். அந்த மேட்டில் போகிற மருந்து ஒழுங்காக உடலில் சேராது, சர்க்கரை ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். இடத்தை மாற்ற வேண்டும், ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும். நல்ல தோலில் அதே அளவு மருந்து முழுவதுமாக வேலை செய்து, சர்க்கரையைத் திடீரென்று தாழ்த்திவிடும். வயலில் தனியாக நிற்கும்போது அப்படி மயக்கம் வந்தால் ஆபத்து.

கட்டியின் மேல் சேங்கொட்டை வைப்பது, சுண்ணாம்புப் பற்றுப் போடுவது, எருக்கம்பால் தடவுவது ஆகியவற்றால் கரைவது கொழுப்பு இல்லை, மேல்தோல்தான். சேங்கொட்டை தோலை வேக வைத்துவிடும். சர்க்கரை நோயாளிக்கு அந்தப் புண் மாதக்கணக்கில் ஆறாது. எண்ணெய் விட்டு உருவி 'உடைக்கிற' வைத்தியமும் வேண்டாம். கொழுப்பைக் கரைப்பதாக விற்கிற எந்தத் தைலமும் கட்டியின் உறைக்குள் போவதில்லை.

மருத்துவமனைக்குப் போகும்போது

மார்க்கையன்கோட்டைக்காரர்களுக்கு முதல் நிறுத்தம் சின்னமனூர் அரசு மருத்துவமனை. அங்கிருந்து மேற்கொண்டு அனுப்பினால், தேனி–மதுரை சாலையில் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதற்கும் மேல் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. அளவெழுதிய நோட்டு, செல்போன் படங்கள், மருந்துச் சீட்டுகள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆகியவற்றை எடுத்துப்போனால் ஒரு நடை மிச்சம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சின்னதாக, மேலாக இருந்தால் மருத்துவர் கையால் பார்த்தே முடிவு சொல்வார். சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். பெரிதாகவோ ஆழமாகவோ இருந்தால் எம்.ஆர்.ஐ.; அதிலும் தெளியாவிட்டால் ஊசியால் சிறு துண்டெடுத்துச் சோதனை. இங்கேதான் பலர் பின்வாங்குகிறார்கள். "கட்டியில ஊசி பட்டா பரவிரும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சரியான இடத்தில், சரியான கோணத்தில் எடுக்கப்படும் ஊசிச் சோதனையால் பரவும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. உண்மையான கேடு வேறு இடத்தில் இருக்கிறது: என்ன கட்டி என்று தெரியாமலே, கொழுப்பு என்று எண்ணிச் சிறு கிளினிக்கில் அரைகுறையாகத் தோண்டி எடுப்பது. அது சார்க்கோமாவாக இருந்துவிட்டால், சுற்றுத் திசுவெல்லாம் கலைந்துபோய், இரண்டாவது அறுவை சிகிச்சை முதலில் தேவைப்பட்டதைவிடப் பெரிதாகிவிடும். பெரிய கட்டி, ஆழமான கட்டி, வேகமாக வளரும் கட்டி இவற்றை ஸ்கேன் இல்லாமல் "இப்பவே எடுத்துரலாம்" என்று யார் சொன்னாலும், "ஸ்கேன் பார்த்துட்டு எடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

சாதாரணக் கொழுப்புக்கட்டியை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. உறுத்தினால், மூட்டை தூக்க இடைஞ்சலாக இருந்தால், பார்க்க மனத்துக்குக் கஷ்டமாக இருந்தால் எடுக்கலாம். மரத்துப்போகும் ஊசி போட்டு, தோலைக் கீறி, உறையோடு உருட்டி வெளியே எடுப்பார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். தையல் பிரிக்க ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். பிடரியிலும் மேல்முதுகிலும் தோல் தடிமன் என்பதால் ஆற நாள் பிடிக்கும்; அதுவரை வாழைத்தாரும் சாக்கும் மற்றத் தோளுக்குக்கூட வேண்டாம். உறையோடு முழுமையாக எடுத்தால் திரும்ப வருவது அரிது.

எடுத்த கட்டி குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. ஃபார்மலின் பாட்டிலில் நோய்க்குறியியல் துறைக்குப் போக வேண்டும். ஊர்ப்பக்கத்தில் அதிகம் விடுபட்டுப்போவது இந்த ஒரு வேலைதான். "பயாப்ஸிக்கு அனுப்புவீங்களா?" என்று தியேட்டருக்குள் போகும் முன்பே கேட்டுவிட வேண்டும். தனியார் மருத்துவமனையில் அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை. முடிவு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். தையல் பிரித்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டு ரிப்போர்ட்டை வாங்காமலே விட்டவர்கள் நிறையப் பேர். ரிப்போர்ட்டை வாங்கி, அதில் உள்ள எண்ணை நோட்டில் குறித்து, செல்போனில் படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதே தழும்புக்கு அடியில் ஐந்து வருடம் கழித்து ஏதாவது தட்டுப்பட்டால், மருத்துவர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்; கட்டியின் துண்டைப் பதித்துவைத்த பழைய மெழுகுக்கட்டியையும் கண்ணாடிச் சில்லையும் வெளியே எடுத்து மறுபடி பார்க்க அதுதான் உதவும்.